"எனக்கு எழுத வராது"

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர். தயாரித்தவர்கள் நால்வர். 1985ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையை இந்த மண்டபத்தில் இருந்து எழுதியவர்கள் நாங்கள். இன்று ஒருத்தி ரொறன்ரோவில், ஒருத்தி லண்டனில், ஒருத்தி மெல்பேர்ணில், மற்றவள் இங்கேயே, பாடசாலையிலிருந்து பத்து நிமிடச் சைக்கிள் ஓட்டத் தூரத்தில் இருக்கிறாள்.

நூற்றாண்டு மலருக்கு நினைவுக் கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தார்கள். பலர் உடனே எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் நால்வரும் தனித்தனியே ஒரே பதிலை அனுப்பினோம்: "எனக்கு எழுத வராது." ஒருவர் அனுப்பியது மற்றவருக்குத் தெரியாது. கட்டுரைகளைச் சேகரித்த தோழிக்குத்தான் அது தெரிந்தது. "நீங்கள் நாலு பேரும் ஒருமுறை கதைத்துப் பாருங்கோ" என்று அவள் எங்களைச் சேர்த்துவிட்டாள்.

கதைத்தோம். எங்களில் ஒருத்திக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் உள்ள சிரமம். இன்னொருத்திக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச்சிதறல். மூன்றாமவள் ஓட்டிசம் உள்ளவள். நாலாமவளுக்கு டிஸ்பிராக்சியா, கை, விரல்களின் அசைவு நினைத்தபடி ஒழுங்குபடாத நிலை. இருவருக்கு நாற்பது வயது தாண்டிய பிறகும் மற்ற இருவருக்கு ஐம்பதுக்குக் கிட்டவும்தான் இந்தப் பெயர்கள் தெரியவந்தன. யாருக்கு எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள்.

பிறகு சனிக்கிழமைகளில் சூமில் சந்திக்கத் தொடங்கினோம். கோடை காலத்தில் ரொறன்ரோவில் காலை 8 மணியாகும்போது லண்டனில் பிற்பகல் 1 மணி, இங்கே மாலை 5.30, மெல்பேர்ணில் இரவு 10. அந்த ஒரு மணி நேரத்தில் எழுதப் பழகினோம். அப்படிப் பழகியதில் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்வதே இன்றைய நோக்கம். உங்களுக்கு உதவாவிட்டாலும் உங்கள் பிள்ளைக்கோ, பேரப்பிள்ளைக்கோ, வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் ஒருத்திக்கோ இது உதவலாம்.

முதலில் பெயர்களைப் பற்றிச் சிறிது

மனிதருடைய மூளைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இந்த வேறுபாட்டை நரம்பியல் பன்மை என்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில், ஓட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் நடத்திய உரையாடல்களில் உருவாகிப் பரவிய சொல் இது.

சொல் புதிதென்றாலும் விடயம் பழையது. 1896இல் பிறிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பேர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரப் பையன், கணக்கு நன்றாகச் செய்வான். ஆனால் வாசிக்கவோ பிழையின்றி எழுதவோ முடியவில்லை. தன் பெயரையே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். சுட்டிக்காட்டும்வரை அது அவனுக்குத் தெரியவில்லை. படிப்பு முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பாடசாலையில் இவனே முதலாவதாக வருவான் என்பது அவனுக்குப் படிப்பித்த ஆசிரியரின் கருத்து. நாங்கள் பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட செய்தி இது. எங்கள் காலத்து வகுப்பறைக்கு அது வந்து சேரவில்லை.

பெண்பிள்ளைகளில் இவை இன்னும் அதிகமாகத் தவறவிடப்படுகின்றன. வகுப்பில் ஓடித்திரியும் பையனை எல்லோரும் கவனிப்பார்கள். யன்னலோரம் இருந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையால் யாருக்கும் தொல்லையில்லை. எங்கள் தேர்ச்சி அறிக்கைகளில் இருந்த குறிப்புகளை ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தோம். "கவனம் போதாது." "முயற்சி போதாது." "கையெழுத்தில் அக்கறை இல்லை." "கெட்டிக்காரி, ஆனால் சோம்பல்." எழுதிய ஆசிரியைகளை நாங்கள் குறைகூறவில்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அவர்களுக்கும் யாரும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஆனால் நாங்கள் அந்தக் குறிப்புகளை நம்பினோம். நாற்பது வருடம் நம்பினோம்.

ஒன்றையும் சொல்லவேண்டும். எழுத்துப்பிழை விடுகிற எல்லோரும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் அல்லர். எங்கள் தலைமுறையிலும் அடுத்த தலைமுறையிலும் இடப்பெயர்வால் படிப்பு முறிந்தவர்கள் பலர். கண்பார்வை, காது கேட்டல், பசி, பயம் எல்லாமே எழுத்தைப் பாதிக்கும். ஆகவே வீட்டிலிருந்தபடி பிள்ளைக்குப் பெயர் சூட்டாமல், தகுதியானவர்களிடம் காட்டிக் கேளுங்கள். நாங்கள் சொல்லப்போகும் வழிகளைப் பழகிப் பார்ப்பதற்கு எந்தப் பெயரும் தேவையில்லை.

எங்கே முறிகிறது என்று பாருங்கள்

கட்டுரை எழுதுவது ஒரு வேலை என்று பாடசாலையில் நினைத்திருந்தோம். உண்மையில் அது நாலு வேலை. சொல்வதற்கு ஒன்றை நினைப்பது முதலாவது. நினைத்ததை ஒழுங்குபடுத்துவது இரண்டாவது. அதை எழுத்தாக்கித் தாளில் வைப்பது மூன்றாவது. திருத்துவது நாலாவது. ஒரு பாடவேளைக்குள், ஒரே தாளில், ஒரே பேனையால் இந்த நாலையும் ஒன்றாகச் செய்யும்படி எங்களிடம் கேட்டார்கள். பலரால் அது முடியும். எங்களால் முடியவில்லை. ஆனால் நாலுமே முடியாமல் இருந்ததில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒவ்வோர் இடத்தில் முறிந்தது. முறிந்த இடம் எதுவென்று தெரியாததால் முழுவதையுமே கைவிட்டோம்.

எங்கள் உரையில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள். "எனக்கு எழுத வராது" என்று சொல்வதற்கு முன், நாலில் எது வராது என்று பாருங்கள். அந்த ஒன்றுக்கு உதவி தேடுங்கள். மற்ற மூன்றும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும்.

எழுத்துகள் குழம்பும்போது

டிஸ்லெக்சியா உள்ள தோழிக்குக் கதை சொல்ல நன்றாக வரும். இடைவேளையில் அவளைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். அதே கதையைக் கொப்பியில் எழுதினால் சிவப்பு மையில் புள்ளடிகள் நிறைந்துவிடும். ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இவை எல்லோருக்கும் குழப்பம் தருபவைதான். அவளுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. "கெ" என்பதைச் சொல்லிப் பாருங்கள். வாய் முதலில் "க்" என்ற ஒலியைச் சொல்கிறது, பிறகு "எ". ஆனால் கை முதலில் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் "க" எழுதவேண்டும். "கொ" என்றால் எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் குறி. காது கேட்கிற ஒழுங்கு ஒன்று, கை எழுதுகிற ஒழுங்கு வேறொன்று. மற்றப் பிள்ளைகள் எண்ணாமலே தாண்டிச் செல்லும் இந்த இடத்தில் அவள் ஒவ்வொரு முறையும் நின்று யோசித்தாள். யோசித்து முடிக்கும்போது சொல்லவந்த வசனம் மறந்துவிடும்.

அவளுக்கு உதவியது, முதல் இரண்டு வேலைகளையும் வாயால் முடித்துவிடுவது. கைத்தொலைபேசியில் பேசிப் பதிவுசெய்வாள். தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தரும் வசதி இப்போது தொலைபேசியிலேயே இருக்கிறது. எங்கள் பேச்சுத்தமிழை அது சிலவேளை விநோதமாக விளங்கிக்கொள்ளும். சனிக்கிழமைகளில் நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்ததெல்லாம் அதைப் பார்த்துத்தான். ஆனாலும் வெறுந்தாளைவிடப் பிழையான ஒரு பக்கம் மேல். திருத்துவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

தட்டெழுதுவதிலும் தெரிவு உண்டு. பாமினி விசைப்பலகையில் கையெழுத்தைப் போலவே கொம்பை முதலில் அடிக்கவேண்டும். தமிழ்99 முறையிலும் ஒலிப்பு முறையிலும் "க" முதலில், "எ" பிறகு; கொம்பு தானாகவே முன்னால் வந்து அமரும். காது கேட்கிற ஒழுங்கிலேயே கை போகலாம். இந்தச் சிறிய மாற்றம் அவளுடைய பிழைகளில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டது.

எழுத்துப்பிழையை எழுதும்போது பார்ப்பதில்லை என்று அவள் முடிவெடுத்தாள். எல்லாம் எழுதி முடிந்த பிறகு, வேறொரு நாளில் பார்க்கிறாள். எழுதியதைத் தொலைபேசியே உரத்து வாசிக்கவிட்டுக் கேட்கிறாள். கண் காணாத பிழையைக் காது பிடிக்கும். தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் ஒருவர் திரும்பத் திரும்பப் பிழைவிடும் சொற்கள் அவ்வளவு இல்லை. அவளுடைய பட்டியலில் 30 சொற்கள்கூட வரவில்லை. அவற்றைக் குடும்பம் குடும்பமாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்: பள்ளி, துள்ளி, வெள்ளி ஒரு பக்கம், பல்லி, மல்லி, நெல்லி மறுபக்கம்.

வாசிப்பதற்கு எழுத்தின் தோற்றமும் முக்கியம். எழுத்தளவு 12 முதல் 14 வரை, வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி, இடப்பக்கம் மட்டும் நேராக நிற்கும் பத்திகள், பளிச்சென்ற வெள்ளைக்குப் பதிலாகச் சற்று மங்கிய தாள். பிரித்தானிய டிஸ்லெக்சியா சங்கம் தரும் ஆலோசனைகள் இவை. மலர்க்குழுவினர் இதைக் கவனத்தில் எடுத்தால் மகிழ்வோம். வாசிப்பவர்களில் பலருக்கு இப்போது வயது அறுபதுக்கு மேல் என்பதால் எல்லோருமே வாழ்த்துவார்கள்.

தொடங்கவும் முடிக்கவும் முடியாதபோது

இரண்டாவது தோழிக்கு எழுத்துப்பிழை வராது. கட்டுரைதான் வராது. மனதில் பத்துக் கட்டுரை ஓடும். தாளில் தலைப்பு மட்டும் இருக்கும். அவளுடைய வீட்டில் முதல் மூன்று பக்கம் மட்டும் எழுதிய கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவளுக்கு முறிவது நினைப்பதிலும் அல்ல, எழுத்திலும் அல்ல, உட்காருவதிலும் ஒழுங்குபடுத்துவதிலும்.

முதலாவது, தனியே எழுதுவதை விட்டுவிட்டாள். பரீட்சைக் காலத்தில் தோழிகள் ஒரு வீட்டில் கூடியிருந்து படித்தது நினைவிருக்கிறதா? ஆளையாள் பார்த்துக் கதைக்காமல், அவரவர் புத்தகத்தை அவரவர் படிப்போம். ஆனாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் எழும்பிப் போக மனம் வராது. சனிக்கிழமைகளில் நாங்கள் செய்வதும் அதுவே. சூமைத் திறந்து வைத்துவிட்டு 25 நிமிடம் யாரும் பேசாமல் எழுதுவோம். பிறகு ஐந்து நிமிடம் தேத்தண்ணீர். பிறகு மீண்டும் 25. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் குசினியில் வைக்கும் தக்காளி வடிவ மணிக்கூட்டை வைத்துத் தொடங்கிய முறை இது.

இரண்டாவது, முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்ற கட்டாயத்தை விட்டாள். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு விடயம் என்று எழுதுகிறாள். பத்துத் தாள் சேர்ந்ததும் நிலத்தில் பரப்பி வைத்து இடம் மாற்றிப் பார்க்கிறாள். ஒழுங்கு மனதில் வராவிட்டாலும் நிலத்தில் வந்துவிடுகிறது.

மூன்றாவது, நிறுத்தாமல் பத்து நிமிடம் எழுதுவது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் "என்ன எழுதுவது என்று தெரியவில்லை" என்றே எழுதுவாள். கை மட்டும் நிற்கக்கூடாது. பீற்றர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் வெளியிட்ட நூலொன்றில் விளக்கிய பயிற்சி இது. அவரும் எழுத முடியாமல் பட்டப்படிப்பை ஒருமுறை இடையில் விட்டவர் என்று அறிந்தபோது எங்களுக்கு ஆறுதலாக இருந்தது.

இன்னொன்று, அன்றைய எழுத்தை ஒரு வசனத்தின் நடுவிலேயே நிறுத்துவாள். மறுநாள் வந்து அந்த வசனத்தை முடித்தால் போதும். தொடங்குகிற பயம் இல்லை. முடிக்கும் திகதியையும் கலண்டரில் குறிப்பதில்லை. ஓர் ஆளுக்கு வாக்குக் கொடுப்பாள். திகதிக்கு அவள் பயப்படுவதில்லை. "தாறன் என்று சொன்னியே, எங்கே?" என்று கேட்கும் ஆளுக்குப் பயம்.

கேள்வி விளங்காதபோது

எட்டாம் வகுப்பில் "நான் ஒரு குடை" என்று கட்டுரைத் தலைப்பு வந்தது. ஓட்டிசம் உள்ள தோழி ஒரே ஒரு வசனம் எழுதினாள்: "நான் குடை அல்ல." பகிடி விடுகிறாள் என்று அவளை வாங்கில் ஏற்றிவிட்டார்கள். அவள் பகிடி விடவில்லை. குடை பேசாது; பேசாத குடை எப்படித் தன் கதையைச் சொல்லும் என்பது அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அன்று மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அதற்காக இந்த இரண்டு வருடத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறோம்.

அவளுக்கு முறிவது முதல் வேலையில். விரிந்து கிடக்கும் தலைப்பு அவளைத் திகைக்கவைக்கும். "உங்கள் பாடசாலை நினைவுகளை எழுதுங்கள்" என்றால் எந்த நினைவு, எந்த ஆண்டு, யாருக்கு? இப்போது அவள் எழுதுவதற்கு முன் நாலு கேள்வி கேட்கிறாள். யார் வாசிக்கப் போகிறார்கள்? அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? எத்தனை சொல் வேண்டும்? வாசித்த பிறகு அவர்கள் என்ன செய்யவேண்டும்? கேட்பதற்கு வெட்கப்படுவதில்லை. பதில் கிடைத்தால் அவளைப்போல் எழுத எங்களில் யாருமில்லை.

உவமை எழுதவேண்டும் என்ற கட்டாயத்தையும் அவள் விட்டுவிட்டாள். "1980 முதல் 1985 வரை பாடசாலையில் இருந்த மரங்கள்" என்பது மலருக்கு அவள் கொடுத்த கட்டுரை. எந்த மரம் எந்த வகுப்பின் யன்னலுக்கு நேரே நின்றது, எது எப்போது பூத்தது, எந்த மரத்தின் கீழ் எந்த வகுப்பு மதியச் சாப்பாடு சாப்பிட்டது என்று வரிசையாகச் சொல்கிறாள். அந்த மரங்கள் பல இன்று இல்லை. அந்த விபரங்கள் வேறு எவரிடமும் இல்லை. விபரம் கூடிப்போனால் வெட்டுவதற்கு மனம் வராது. ஆகவே வெட்டியதை எறியாமல் இன்னொரு கொப்பியில் சேர்த்து வைக்கிறாள். இழக்கவில்லை என்று தெரிந்தால் வெட்டுவது இலகு. "திங்கிங் இன் பிக்சர்ஸ்" என்ற நூலை 1995இல் வெளியிட்ட ரெம்பிள் கிராண்டின், தான் படங்களாகச் சிந்திப்பதை அந்த நூலின் தலைப்பாகவே வைத்தார். அந்தச் சிந்தனையைக் கொண்டுதான் அவர் கால்நடைத் துறையில் பேராசிரியரானார்.

கை ஒத்துழைக்காதபோது

நாலாமவளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் தீர்வும் சுருக்கமானது. இரட்டை றூள் கொப்பியில் உறுப்பெழுத்து எழுதி எழுதி அவளுடைய விரல்கள் தடித்தன, எழுத்து அழகாகவில்லை. ஒரு பக்கம் எழுதினால் தோள்வரை நோகும். ஆகவே எல்லா விடைகளையும் சுருக்கி எழுதினாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று புள்ளி போட்டார்கள். பிறகு லண்டனில் வேலைக்காகத் தட்டெழுதப் பழகியபோதுதான் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது அவளுக்கே தெரிந்தது. ஒக்ரேவியா பட்லர் என்ற அமெரிக்க எழுத்தாளர் டிஸ்லெக்சியா உள்ளவர். பத்து வயதில் தாயிடம் கெஞ்சித் தட்டச்சுப்பொறி வாங்கி இரண்டு விரலால் கதைகள் அடித்தாராம். 1995இல் மக்ஆதர் விருது பெற்ற முதல் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் அவர். கருவியை மாற்றுவது குறுக்குவழி அல்ல. கண்ணாடி போடுவதை யாரும் குறுக்குவழி என்பதில்லையே.

இங்கே இருக்கும் ஆசிரியைகளிடம்

எங்கள் பழைய மாணவிகளில் பலர் இன்று ஆசிரியைகள். அவர்களிடம் மூன்று வேண்டுகோள். கட்டுரைக்கு இரண்டு புள்ளிகள் போடுங்கள்; கருத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. எழுத்துக்கு 3 கிடைத்தாலும் கருத்துக்கு 9 கிடைத்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியட்டும். ஒரு பிள்ளையின் பிழையை வகுப்புக்கு வாசித்துக் காட்டாதீர்கள். எழுதத் திணறும் பிள்ளையிடம் ஒருமுறை "சொல்லு பார்ப்பம்" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அவளுக்குப் பாடம் தெரியும்.

இங்கிலாந்தில் இத்தகைய பிள்ளைகளுக்குப் பரீட்சையில் 25 சதவீதம் மேலதிக நேரம் கேட்க வழியுண்டு. ஒன்ராறியோவில் பிள்ளைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் தங்கைமாரே, பாடசாலையிலிருந்து இப்படியொரு கடிதம் வந்தால் அதை அவமானமாக எண்ணி மறைக்காதீர்கள். சலி கார்ட்னர் என்ற ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளரைப் படிப்பிக்கவே முடியாது என்று சொன்னார்கள். 14 வயதில்தான் வாசிக்கப் பழகினார். 2013இல் கார்னகி பதக்கம் பெற்றார். எல்லோரும் பதக்கம் பெறவேண்டியதில்லை. ஒரு கடிதம் எழுத முடிந்தால் போதும்.

கடிதம் என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்களில் முதலில் சொன்ன தோழி 1988இல் கல்யாணமாகிக் கனடா போனாள். அவளுடைய அம்மா இளைப்பாறிய ஆசிரியை. இங்கே தனியே இருந்தார். 1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. கடிதம் ஒன்றே வழி. அவள் எழுதினாள். மகன் பாடசாலை போகத் தொடங்கியதை ஒரு கடிதத்தில் எழுதியபோது "பள்ளி" என்பதற்குப் "பல்லி" என்று எழுதிவிட்டாள். அம்மா பகிடியாகப் பதில் எழுதினார்: "பேரன் சுவரில் ஏறிப் போகிறானா?" அன்பாகத்தான் எழுதினார். அவளுக்கோ வகுப்பறையின் சிவப்பு மை மறுபடியும் வந்தது போலிருந்தது. அதன் பிறகு அவள் கடிதம் எழுதவில்லை. கடித உறையில் படங்களை மட்டும் வைத்து அனுப்பினாள். பின்பக்கத்தில் திகதி மட்டும் இருக்கும். இலக்கங்கள் அவளைக் கைவிட்டதில்லை. "ஒரு வரியாவது எழுது பிள்ளை, பிழையென்றாலும் பரவாயில்லை" என்று அம்மா சொல்லியனுப்பினார். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று வருடங்கள் போயின.

2001இல் அம்மா காலமானார். அடுத்த ஆண்டு பாதை திறந்தபோது அவள் வந்தாள். அம்மாவைக் கடைசிவரை பார்த்த அக்கா ஒரு பிஸ்கற் ரின்னைக் கொடுத்தார். 1995 இடப்பெயர்வில் வீட்டில் இருந்த எவ்வளவோ பொருட்கள் விடுபட்டுப் போயின. அந்த ரின்னை அம்மா கையில் கொண்டு போயிருக்கிறார். உள்ளே அவள் அனுப்பிய படங்கள் திகதிப்படி அடுக்கியிருந்தன. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அம்மாவின் உறுப்பான எழுத்தில், பென்சிலால், ஓரிரு வரி. "இது முதல்நாள் பள்ளிக்கூடம் போகும்போது எடுத்ததாக இருக்கும்." "பிள்ளை மெலிந்துவிட்டாள். வேலை கூடவோ தெரியாது." "பின்னால் நிற்பவர் யார் என்று கேட்க வேண்டும்." மகள் எழுதாத கடிதங்களை அம்மா ஊகித்து எழுதி வைத்திருந்தார்.

தனக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்று அவளுக்குத் தெரியவந்தது 2016இல், இளைய மகளைச் சோதித்தபோது. சென்ற வருடம், எங்கள் சனிக்கிழமை ஒன்றில், அவள் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பதிவுசெய்தாள். பின்னால் நிற்பவர் யார் என்று சொன்னாள். பிறகு அதைத் தானே எழுத்தாக்கினாள். இந்த மலரில் வரும் அவளுடைய கட்டுரை அதுதான். அம்மா வாசிக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதை நாங்கள் அழவைப்பதற்காகச் சொல்லவில்லை. இந்த மண்டபத்தில் இப்போது இருப்பவர்களில் "எனக்கு எழுத வராது" என்று மலர்க்குழுவுக்குச் சொன்னவர்கள் நாங்கள் நால்வர் மட்டும் அல்லர் என்பதற்காகச் சொல்கிறோம். இலகுவாக எழுதுபவர்களின் நினைவுகளை மட்டும் சேர்த்தால் நூறு வருடத்தில் பாதிதான் மலரில் வரும். விடுதியில் இரவில் அழுதவளின் கதையும், விளையாட்டுப்போட்டியில் ஓடியவளின் கதையும், பரீட்சையில் தவறி பாடசாலையை விட்டுப் போனவளின் கதையும் இந்தப் பாடசாலையின் கதைதான்.

ஆகவே மலர்க்குழுவிடம் அனுமதி பெற்று மண்டபத்தின் பின்பக்கத்தில், நூலகக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் நாலு கதிரையும் போட்டிருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். பேனை தேவையில்லை. நாங்கள் கேட்போம், நீங்கள் சொல்லுங்கள், தொலைபேசியில் பதிவாகும். நாங்கள் எழுத்தாக்கி உங்களுக்கே திருப்பி வாசித்துக் காட்டுவோம். நீங்கள் சம்மதித்த பிறகுதான் மலருக்குப் போகும். வரமுடியாத தோழிகள் இருந்தால் அவர்களுடைய இலக்கத்தைத் தாருங்கள், நாங்கள் எடுப்போம்.

இந்த உரையில் எழுத்துப்பிழை ஏதும் இருந்திருந்தால் மலர்க்குழுவினர் அச்சுக்கு முன் திருத்தியிருப்பார்கள். அந்த நாலாவது வேலையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் மற்ற மூன்றையும் நாங்கள் செய்தோம்.